அமாவாசைக்கு நகரும் வீடு

புதுச்சேரியில் வெள்ளைக்காரர்கள் பிரெஞ்சுக் கொடியை இறக்கிக்கொண்டு போன வருஷக் கடைசியில் என் அண்ணன் சைகோனிலிருந்து வந்து சேர்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவர். அப்பா செத்ததற்குக்கூட அவரால் வர முடியவில்லை. போகும்போது மீசை சரியாக முளைக்காத ஆள், வரும்போது காதோரம் நரைத்திருந்தது. உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டில் அப்போது அம்மாவும் நானும்தான். இனி ஆண்துணைக்குக் குறைவில்லை என்று அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அங்கே அவருக்கு மனைவி இருக்கிறாள், அந்த நாட்டுப் பெண், சர்க்கார் ஆபீசில் பதிந்து செய்துகொண்ட கல்யாணம். நாலு வயசில் ஒரு பெண் குழந்தையும் உண்டு. இரண்டு பேரையும் இங்கே அழைத்துவர வேண்டும். அம்மா கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. எங்கள் அம்மா கத்தினால் பயமில்லை, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டால்தான் பயம்.

அந்தச் சேதி எப்படியோ கருவடிக்குப்பம் வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் எனக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, அவருக்காக அழ எனக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் அம்மா அழுதாள். அண்ணன் செய்துகொண்ட கல்யாணத்துக்கு ஒரு கோபம், நடக்காமல் போன என் கல்யாணத்துக்கு இன்னொரு கோபம், இரண்டையும் சேர்த்து அவர் தலையில் வைத்தாள்.

அந்தப் பெண் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். சரி, கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்கிறேன் என்றார் அண்ணன். கொல்லை பெரிது. தென்னைகளும் ஒரு வேப்பமரமுமாக வாய்க்கால் வரைக்கும் கிடந்தது. ஆனால் அது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரியாத மண். எங்கள் குடும்பங்களில் பாகம் பிரியாத மண்ணில் யாரும் கொட்டகைக் கால் நட மாட்டார்கள். ஒரு மூங்கிலை நட்டு மேலே நாலு கீற்றைப் போட்டுவிட்டால் போதும், அந்த இடம் நட்டவனுக்குச் சொந்தம் என்ற பேச்சு வந்துவிடும். கல்யாணப் பந்தலைக்கூட மறுநாளே பிடுங்கிக் குழியை மண் போட்டு மிதித்துவிடுவார்கள்.

"கால் நட்டா பாத்தியதை ஆயிடும்டா," என்றாள் அம்மா. "அவ அங்க ஊனி உக்காந்துட்டான்னு ஊருக்குத் தெரிஞ்சா, இவளப் பொண்ணு கேட்டு யாரு இந்த வாசப்படி மிதிப்பா? நான் இருக்கிற வரைக்கும் அந்த மண்ணுல ஒரு குச்சி நட உடமாட்டேன்."

அதற்குப் பிறகுதான் அண்ணன் அந்த வண்டியைக் கண்டுபிடித்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சாலைகளையும் ஏரிகளையும் பார்த்துவந்த இஞ்சினியர் ஒருவர், போகிற இடத்தில் தங்குவதற்காகச் செய்துகொண்ட வண்டி. லாரியின் அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் ஓர் அறை கட்டி வெளியே தகரம் அடித்திருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, அடுப்பு வைக்க ஒரு மூலை. உலக யுத்தத்துக்கு முந்திய வண்டி. துரை கப்பல் ஏறிய பிறகு கிடங்கு ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, கடற்காற்றில் பாதி துருவாகியிருந்தது. அண்ணன் அதை வாங்கி, மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது. லாரிக்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல அண்ணன் அதைக் கமியோன் என்பார். தெருவுக்கு அது தகர வீடு.

அம்மா பின்கதவில் நின்று வெகு நேரம் பார்த்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வண்டின்னா பரவால்ல. இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும். ஆனா ஒரே எடத்துல நிக்கக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை நவுத்திடணும். சக்கரம் பதிஞ்ச எடத்துல புல்லு மொளைக்கணும். உங்க சித்தப்பன் கேட்டாலும் வண்டி நிக்குதுன்னு சொல்லிக்கலாம்."

அண்ணன் தலையை ஆட்டினார். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் லாரி ஓட்டியவர் அம்மாவுக்கு முன்னால் இப்படித் தலையாட்டுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவருக்கு அதுவே பெரிய வெற்றி. அன்றைக்கே சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

அமாவாசைக்கு நகர வேண்டும் என்றால் இஞ்சின் ஓட வேண்டும். அதனால் படுக்கை, அடுப்பு எல்லாம் பிறகு, இஞ்சின்தான் முதலில் என்று ஆயிற்று. ஸ்பானரில் தொடங்கியது தொல்லை. வண்டியின் நட்டெல்லாம் பிரெஞ்சு அளவு, கடையில் விற்கும் ஸ்பானரெல்லாம் இங்கிலீஷ் அளவு. ஒன்று நுழையாது, இன்னொன்று நுழைந்து வழுக்கும். அண்ணன் சின்ன ஸ்பானர்களை வாங்கிவந்து அரத்தால் ராவி ராவி வாயை அகலப்படுத்தினார். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல்லெல்லாம் கூசும். மெக்கானிக்கிடம் விடலாமே என்றால் கேட்கமாட்டார். தன் பெண்டாட்டி பிள்ளை இருக்கப்போகும் வீட்டில் இன்னொருத்தன் கை படுவானேன் என்பார்.

நான் உதவப் போனது அண்ணன் மேல் இருந்த பாசத்தால் என்று சொன்னால் பொய். வீட்டுக்குள் அம்மாவின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடத் துருவைச் சுரண்டுவது மேல் என்று போனேன். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகள் மொரமொரவென்று ஆகிவிட்டன. பெண் பார்க்க வருகிறவர்கள் கையைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அம்மா கேட்டாள். முதலில் வரட்டும் என்றேன்.

ரேடியேட்டர் ஒழுகியது. அண்ணன் என்னிடம் ஒரு பிடி மஞ்சள் தூள் கேட்டார். தண்ணீரோடு கலந்து ஊற்றினால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளுமாம். சமையல்கட்டில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப்பாவிலிருந்து எடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் இரண்டு நாள் மஞ்சளாகச் சொட்டிப் பிறகு நின்றது. கொஞ்ச நாள் கழித்துப் பெரிய மார்க்கெட் பக்கத்திலிருந்து தகர வேலை செய்யும் பாய் ஒருவர் வந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அது ஒன்றுதான் வெளியாள் கை பட்ட வேலை. அண்ணன் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாய்க்கே கோபம் வந்துவிட்டது.

முதல் தடவை இஞ்சின் பிடித்தபோது கொல்லை முழுக்கப் புகை. காக்கைகள் வேப்பமரத்தை விட்டுப் பறந்தன. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சின்னப் பையன் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அமாவாசைக்கு வண்டி வேப்பமரத்தடியிலிருந்து கிணற்றுப் பக்கம் போனது. அடுத்த அமாவாசைக்குக் கிணற்றிலிருந்து வாய்க்கால் பக்கம். பழைய இடத்தில் புல் முளைத்ததா என்று அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

கூரைதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. தகரத்தின் மேல் கித்தானை இழுத்து அடித்துத் தார் பூசினோம். மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. சித்திரை வெயில் வந்ததும் தார் இளகி, நான் ஆசையாகத் தைத்துப் போட்டிருந்த இலவம்பஞ்சு மெத்தையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் உரித்துப்போட்டுவிட்டுப் புதுக் கித்தான் அடித்து, வெள்ளை பெயிண்டு மேல் பெயிண்டாகப் பூசினார். வண்டி ஓடும்போது சன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. பட்டாளத்தில் கொடுத்த கம்பளியை நாடா நாடாவாகக் கிழித்துக் கண்ணாடி உட்காரும் காடியில் ஒட்டினார். குளிருக்கு அந்தக் கம்பளிதானே இருக்கிறது என்றேன். புதுச்சேரியில் என்ன குளிர் என்றார்.

இதற்குள் வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன. அங்கே அவருடைய மாமியார் படுத்த படுக்கை. தாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அண்ணன் இதைச் சொன்னபோதுதான் எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. இவரால் இங்கே தாயை விட முடியவில்லை, அவளால் அங்கே. வீடு தயாராக இருக்கிறது, கிளம்பி வா என்று மட்டும் அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார்.

குழந்தைக்கு என்று சன்னலுக்கு மேலே ஒரு பலகைப் படுக்கை செய்தார். சுவர்ப் பக்கம் கீல், முன்பக்கம் சங்கிலி, வேண்டாதபோது மடக்கிவிடலாம். நாலு வயசுக் குழந்தையின் அளவுக்குச் செய்தது அது. அடுத்த வருஷம் ஒரு துண்டுப் பலகையைச் சேர்த்து நீட்டினார். அதற்கடுத்த வருஷம் இன்னொரு துண்டு. தெருவில் விளையாடும் பெண்களில் அந்த வயசுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்துக்கொள்வார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்புவார். கடைசியில் ஒட்டுப்போட்ட பலகை போதவில்லை என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெரிய பெண் படுக்கிற நீளத்துக்கு ஒரே பலாப் பலகையில் புதிதாகச் செய்தார். அன்று முழுக்கப் பலகையை இழைப்புளியால் இழைத்துக்கொண்டே இருந்தார். அங்கே நிற்க முடியாமல் நான் உள்ளே வந்துவிட்டேன்.

மாமியார் காலமாகி, காகிதங்கள் எல்லாம் சேர்ந்து, அவர்கள் மெட்ராஸில் வந்து இறங்கியபோது அந்தக் குழந்தைக்குப் பத்து வயசு. அண்ணன் ரயிலில் போய் அழைத்து வந்தார். வண்டிக்கு அப்போதுதான் பச்சை பெயிண்டு அடித்திருந்தது, அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் தூசு படக் கூடாது என்று அதை எடுக்கவில்லை.

அவள் சின்ன உருவம். கழுத்து மூடிய நீளச் சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தாள். அம்மா முன்கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் அவர்களை அழைத்துப் போனோம். அண்ணன் படியைக் காட்டினார், சன்னலைத் திறந்து காட்டினார், கூரைமேல் வைத்த பீப்பாயிலிருந்து தண்ணீர் வரும் குழாயைத் திருகிக் காட்டினார். பெண் விறுவிறுவென்று ஏறிப் பலகைப் படுக்கையில் நீட்டிப் படுத்தது, சரியாக இருந்தது. தாய் மட்டும் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தாள். பின்சக்கரத்தின் அருகில் குனிந்து டயரின் மேல் கையை வைத்தாள். அண்ணன் கற்றுக்கொடுத்த தமிழ் அவளுக்கும் பெண்ணுக்கும் கொஞ்சம் வரும்.

"வீட்டுக்குச் சக்கரம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது முன்னாடியே இருந்துது," என்றார் அண்ணன்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அவளை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அதுவரை தெரியாமல் இருந்தேன். அன்று சாயங்காலம் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அண்ணி என்று வாயில் வந்துவிட்டது. பின்கதவில் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த அமாவாசையை நான் மறக்கவே முடியாது. அண்ணி அடுப்பில் சோறு வைத்திருந்தாள். அண்ணன் படியருகில் வந்து நின்று, கொஞ்சம் இறங்கிக்கொள்ள வேண்டும், வண்டியை நகர்த்த வேண்டும் என்று பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னார், குரல் இறங்கிப்போய். அவள் அடுப்பை அணைத்தாள். வேகாத சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பெண் தன் பாடப் புத்தகத்தோடு இறங்கியது. இரண்டு பேரும் வெயிலில் நிற்க, வீடு புகை விட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போய் நின்றது. அண்ணி பானையைக் கீழே வைக்கவில்லை. பழைய இடத்தில் தரையில் நாலு சக்கரத் தடம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாம எங்க போறோம்?" என்று பெண் கேட்டது.

"எங்கயும் இல்லம்மா," என்றார் அண்ணன்.

ஏன் என்று அண்ணி என்னிடம்தான் கேட்டாள். கால் நடுவது, பாகம், பாத்தியதை எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: அங்கே சண்டையில் அவளுடைய இரண்டு வீடுகள் எரிந்தன, இரண்டு தடவையும் பானையோடுதான் வெளியே வந்து நின்றாளாம். அதைக் கேட்ட பிறகு அமாவாசை வருகிறது என்றாலே எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

ஆனாலும் அவள் அந்த வண்டியை வீடாக்கப் பார்த்தாள். அண்ணன் செய்ததையெல்லாம் திருத்தினாள். அடுப்பைக் கதவருகே மாற்றி, புகை போகத் தகரத்தில் தானே உளியால் ஓர் ஓட்டை போட்டாள். கொத்துமல்லியும் மிளகாயும் பால்மாவு டப்பாக்களில் விதைத்தாள், மண்ணில் ஒன்றுகூட நடவில்லை. ஒவ்வோர் அமாவாசைக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியின் பின்னால் கொண்டுபோய் வைப்பாள். ஒரு தடவையும் முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பேத்தி விஷயத்தில் அம்மா திண்டாடினாள். அது அப்படியே அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. பாட்டியை ஆயா என்று கொல்லையிலிருந்து கூப்பிடும். அம்மா திரும்பமாட்டாள். ஆனால் அன்று சாயங்காலம், "மீனு நெறைய ஆயிடுச்சு, வீணாப் போவும், கொண்டும்போய்க் குடுடி," என்று என்னிடம் சட்டியைத் தருவாள். நிறைய வாங்கியதே அவள்தான். ஒரு நாள் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா பின்கதவுக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மிளகு ரசம் வைத்து என் கையில் கொடுத்தாள். நீயே கொண்டுபோய்க் கொடேன் என்றேன். நான் எப்படிப் போவேன் என்றாள். பத்தடி தூரம் அது. அந்தப் பத்தடியை அவளால் நடக்க முடியவில்லை.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம் வந்தது. பட்டாளத்தில் இருந்தவர்கள், பிரெஞ்சுக் காகிதம் உள்ளவர்கள் எல்லாம் இங்கேயா அங்கேயா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலேயே சில குடும்பங்கள் பெட்டி கட்டின. அண்ணியின் அக்கா ஒருத்தி பிரான்சில், மார்சேயில் இருந்தாள். ஓர் அமாவாசை முடிந்த மறுநாள் அண்ணி அண்ணனிடம் சொன்னாள். சண்டை போடவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"சக்கரம் கழட்டு. இல்ல எங்களக் கூட்டிட்டுப் போ. ரெண்டுல ஒண்ணு செய்."

அண்ணன் அம்மாவிடம் வந்தார். நானும் கூட நின்றேன். கால் நடவில்லை, கூரை போடவில்லை, சக்கரத்தை மட்டும் கழற்றி நாலு கல்லின் மேல் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போனப்புறம் கழட்டிக்கோ," என்றாள்.

"அவங்க எங்கயும் போவமாட்டாங்கன்னு நெனச்சிட்டிருக்கியாம்மா?" என்றேன். "போயிடுவாங்க. அப்புறம் நீ யாருக்கு மீனு ஆக்குவ?"

"உனக்கு ஒரு வழி பொறந்தப்புறம் அவங்க இந்த வீட்டுக்குள்ளயே வந்து இருக்கட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? உனக்கு ஆவட்டும்னுதானடி சொல்றேன்." அவள் குரல் உடைந்திருந்தது. அரிசியை முறத்தோடு தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்படியானால் நீயும் அவர்களோடு கிளம்பு என்று அண்ணனிடம் சொன்னேன். உனக்கு ஒரு கல்யாணம் செய்து வைத்துவிட்டு, பாகத்தைப் பிரித்து அம்மா பேரில் எழுதிவிட்டுப் பின்னாலேயே போய்விடுகிறேன் என்றார்.

"என் பேரச் சொல்லாதண்ணா," என்றேன். "எனக்காக நீ இருக்கிறேன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவர் கேட்கவில்லை. என் கல்யாணம் நடக்கவும் இல்லை, அவர் போகவும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான்.

மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல். ரயிலில் போகலாம் என்றேன். வேண்டாம், ஒரு தடவையாவது அவர்கள் அதில் பிரயாணம் செய்யட்டும் என்று அண்ணன் வண்டியை எடுத்தார். எட்டு வருஷத்தில் எங்கள் கொல்லையையும், பெட்ரோல் போட நாலு தெருவையும் தவிர வேறெங்கும் போகாத வண்டி. கிளம்புகிற அன்று காலையில் அம்மா என்னைப் பின்கதவுக்குள் இழுத்து மெல்லக் கேட்டாள்.

"அது அவ்ளோ தூரம் போவுமா?"

"போவாதும்மா. திண்டிவனம் தாண்டாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவளும் அதைத்தான் நினைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வழியில் எங்கேயாவது நின்றுவிட வேண்டும், கப்பல் போய்விட வேண்டும், அவர்கள் திரும்பி வர வேண்டும். வாயால் சொல்லி அவர்களை நிறுத்த அவளுக்கு வரவில்லை. பெண் கொல்லையிலிருந்து, "ஆயா, போயிட்டு வரேன்," என்றது. அம்மா அப்போது திரும்பினாள்.

நானும் கூட ஏறிக்கொண்டேன். அண்ணன் ஹேண்டிலை ஒரே சுற்றுச் சுற்றினார், இஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளியனூர் போனது. திண்டிவனம் வந்தபோது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எந்தச் சாமியை வேண்டுவது என்று யோசித்தேன். திண்டிவனம் தாண்டியது. ரேடியேட்டர் கொதிக்கும் என்று பார்த்தேன், கொதிக்கவில்லை. நடுவில் ஒரு தூறல் வந்தது, கூரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. கண்ணாடிகள் கம்பளி நாடாவுக்குள் சத்தமில்லாமல் இருந்தன. பெண் பலகைப் படுக்கையில் ஏறிப் படுத்து மதுராந்தகம் ஏரி வரைக்கும் தூங்கியது. அண்ணி டப்பாச் செடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செங்கல்பட்டுக்கு முன்னால் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இறங்கிப் போய் மூடியைத் திறந்தார். நானும் இறங்கினேன். அவர் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தார், குழாயை அழுத்திப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் இறுக்கியது, எதுவும் தளரவில்லை. வெகு நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்குகிறதோ என்று நினைத்தேன், நான் கிட்டே போகவில்லை.

"என்னாண்ணா?"

"ஒண்ணும் இல்ல," என்று மூடியைச் சாத்தினார். "நல்லாத்தான் இருக்குது."

துறைமுகத்துக்கு மத்தியானத்துக்குள் போய்விட்டோம். கப்பல் சாயங்காலம்தான். அண்ணி ஏணிப்படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள், அண்ணனை அல்ல, என்னை. பெண் தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது, அவரேதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கப்பல் நகர்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். நான் வண்டியில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குத் திரும்பினோம். வண்டிச் சத்தம் கேட்டு அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அண்ணி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்தப் பத்தடியை நடந்து வண்டியருகே வந்தாள். சமையல்கட்டிலிருந்து குழம்பு வாசனை வந்தது. ஐந்து பேருக்கு உலை வைத்திருந்தாள் என்று பிறகு பார்த்தேன். அண்ணன் இறங்கி நேராகக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மா படியில் கையை ஊன்றி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், மேலே பலகையைப் பார்த்தாள்.

"வழியில எங்கனா நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"எங்கயும் நிக்கலம்மா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோ நல்லாவாடி பண்ணி வச்சிருந்தான்," என்றாள்.